ஆய்வுக்கூடத்தில் வெல்லப்பாகு

பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், கிரியான் ஆற்றை அடுத்துள்ள நிபோங் திபால் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் கரும்பை வெட்டினர். ஆலைகளில் சாறு காய்ச்சினர். அவ்வொப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கரும்பும் ரப்பருக்கு இடம் விட்டு மறைந்தது. அதே கரும்பின் சாற்றில் விளையும் வெல்லம், இன்று ஆய்வுக்கூட நஞ்சுக்கு மாற்றாகச் சோதிக்கப்படுகிறது.

நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சதைத் துண்டில் புற்றுநோய் உண்டா என்று அறிவது எவ்வாறு? முதலில் அத்துண்டு அழுகாதவாறு பதப்படுத்தப்படும். பின்னர் ஆல்கஹாலால் அதன் நீர் அகற்றப்படும். அந்த ஆல்கஹாலை நீக்கி மெழுகு புகுவதற்கு வழி செய்யும் திரவத்தில் துண்டு தெளிவிக்கப்படும். அதன்பின் மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு கனமாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காண்பர்.

இக்கலையின் தொடக்க காலத்தில் தாவரப் பொருள்கள் பெரிதும் துணைநின்றன. பினாங்குத் தீவிலும் பயிரான கிராம்பின் எண்ணெயும், தேவதாரு எண்ணெயும், கர்ப்பூரத் தைலமும் தெளிவிக்கப் பயன்பட்டன. மத்திய அமெரிக்கக் காடுகளில் வெட்டப்பட்ட ஒரு மரத்தின் வைரத்திலிருந்து ஹீமடாக்சிலின் என்னும் சாயப்பொருள் எடுக்கப்பட்டது. 1865-இல் போமர் என்பவர் அதனுடன் படிகாரம் சேர்த்துச் சிறந்த சாயம் ஆக்கினார்.

பின்னர் இரசாயனப் பொருள்கள் மேலோங்கின. 1893-இல் ஜெர்மானிய டாக்டர் பெர்டினாண்ட் புளூம், கிருமிநாசினியாகப் பார்மலினைச் சோதித்தபோது தம் விரல்தோல் இறுகியதைக் கண்டார். அதனின்று அது சதையைப் பதப்படுத்த உதவும் என்று உணர்ந்தார். தெளிவிக்கும் வேலைக்குச் சைலீன் வந்தது. இரண்டும் மலிவானவை, பிழையின்றி வேலை செய்பவை. ஆகவே உலகெங்கும் பரவின.

அவ்வசதிக்கு விலை கொடுத்தவர்கள் ஆய்வுக்கூட ஊழியர்கள். சைலீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தருவது, எளிதில் தீப்பற்றுவது. பார்மலினிலுள்ள பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு தீர்மானித்தது. ஆவியை வெளியேற்றும் நல்ல சாதனமில்லாத சிறு கூடங்களில் அபாயம் மிகுதி.

இந்நிலையில் 2013-இல் இந்தியப் பல்மருத்துவ ஆராய்ச்சியாளர் சிலர் தேன், சர்க்கரைப் பாகு, வெல்லப்பாகு ஆகியவற்றைப் பார்மலினுடன் ஒப்பிட்டனர். இயற்கைப் பொருள்களுள் வெல்லப்பாகே முதன்மையாக நின்றது. சர்க்கரை அமில நிலையில் சிதைந்து ஆல்டிஹைடுகளாகிப் புரதங்களைப் பிணைக்கிறது என்பது அவர்கள் கூறும் விளக்கம். பார்மலினும் ஓர் ஆல்டிஹைடின் கரைசலே. 2014-இல் வெளிவந்த மற்றோர் இந்திய ஆய்வு, சைலீனுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயைச் சோதித்தது. சதை சுருங்குவது குறைவு என்றும் கண்டது. குளிர்நாட்டில் உறைந்துவிடும் அவ்வெண்ணெய், மலேசியா போன்ற வெப்பநாட்டில் திரவமாகவே இருப்பது ஒரு வசதி.

எனினும் இச்சோதனைகள் சிறிய அளவின. வெல்லப்பாகில் பூஞ்சை படர இடமுண்டு. பெரிய துண்டுகளின் உட்பகுதி வரை அது பாயுமா, ஆண்டுக்கணக்கில் காக்குமா என்பவை இன்னும் உறுதிப்பட வேண்டியவை. சரியாகப் பதப்படாத ஒரு துண்டு டாக்டரின் முடிவைப் பிழையாக்கலாம்; அதன் பயனை அனுபவிப்பவர் நோயாளி. ஆகவேதான் மருத்துவமனைகள் பொதுவாக இன்றும் பார்மலினைக் கைவிடவில்லை.

ஹீமடாக்சிலின் மட்டும் இத்தனை மாறுதலுக்கிடையிலும் தன் இடத்தை இழக்கவில்லை. அது மரத்தில் விளைந்தது என்பதற்காக எவரும் அதனைப் போற்றவில்லை. உயிரணுவின் கருவை அவ்வளவு தெளிவாகக் காட்டியதால் போற்றினர். வெல்லமும் தேங்காயெண்ணெயும் அதே தேர்வைக் கடந்து வருமாயின், ஊழியரின் மூச்சும் நோயாளியின் உயிரும் ஒருங்கே காக்கப்படும்.