தோள்பட்டைத் தசைநாண் கிழிசல்: நுண்துளை அறுவையில் கண்டறிதல்

தோள்பட்டைத் தசைநாண் கிழிசலை நுண்துளை அறுவையில் கண்டறிதல் என்பது, ஆர்த்ரோஸ்கோப் எனும் மூட்டு அகநோக்கியைத் தோள்மூட்டுக்குள் செலுத்தி, தசைநாண் கிழிந்திருக்கிறதா, எந்தப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்துக்கு என்று நேரில் உறுதிப்படுத்தும் முறை. பேச்சு வழக்கில் ‘தோள்பட்டை ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கிழிசலைத்தான். முழுக் கிழிசல்களை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சரியாகவே காட்டிவிடும். அரைகுறையாகக் கிழிந்தவையும் மறைவான இடத்தில் கிழிந்தவையும்தான் ஸ்கேனுக்குத் தப்புகின்றன; அறுவை அரங்கிலும் அவை எளிதில் தப்பிவிடும். தொட்டு, கையை அசைத்து, இரு பக்கமும் பார்த்த பிறகே தசைநாண் நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியும்.

அமைப்பு

சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் ஆகிய நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றாகப் பின்னி, மேற்கை எலும்பின் தலையைத் தொப்பிபோல் மூடுகின்றன. இதுவே ரொட்டேட்டர் கஃப். இதன் அடிப்பக்கம் மூட்டை நோக்கியது. மேல்பக்கம் அக்ரோமியன் எலும்புக்குக் கீழுள்ள பர்சா பையை நோக்கியது. முழுக் கிழிசலில் மூட்டுக்கும் பர்சாவுக்கும் இடையே வழி திறந்துவிடும். பகுதிக் கிழிசல் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். சில நேரம் நாணின் உள்ளுக்குள்ளேயே இருக்கும். மேல்பக்கத்தைவிட மூட்டுப் பக்கத்தில்தான் பகுதிக் கிழிசல்கள் அதிகம்.

வரலாறு

1918இல் டோக்கியோவின் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு சடலத்தின் முழங்காலுக்குள் பார்த்தார். 1931இல் நியூயார்க்கின் மைக்கேல் பர்மன், சடலங்களின் தோள் உள்ளிட்ட மூட்டுகளை அகநோக்கியால் ஆராய்ந்து எழுதினார். பாஸ்டனின் எர்னஸ்ட் காட்மன் 1934இல் தோளைப் பற்றி வெளியிட்ட நூல், நாண் எலும்பில் பதியும் ஓரத்தில் நேரும் கிழிசல்களை விவரித்தது. உயிருள்ளவர் தோளில் அகநோக்கி பரவலானது 1980களில்தான்.

சோதிக்கும் முறை

மயக்க மருந்து கொடுத்தபின் நோயாளியைச் சாய்ந்து அமர்ந்த நிலையிலோ பக்கவாட்டிலோ கிடத்துவார்கள். அக்ரோமியனின் பின்மூலைக்குச் சுமார் 2 செ.மீ. கீழே துளையிட்டு, 4 மி.மீ. தடிமனுள்ள, 30 பாகைச் சாய்வு லென்ஸ் கொண்ட அகநோக்கி உள்ளே செல்லும். சலைன் எனும் உப்புநீரைச் செலுத்தி மூட்டு விரிக்கப்படும். மேற்கையின் பைசெப்ஸ் தசையின் நாண்தான் முதல் அடையாளம். அதையொட்டி சுப்ராஸ்பினேட்டஸின் முன்விளிம்பைப் பிடித்து, கையைச் சற்று விலக்கிச் சுழற்றியபடி பின்னோக்கி வர வேண்டும். முன்பகுதியில், நலமான நாண் குருத்தெலும்பு முடியும் இடத்தையொட்டியே பதிந்திருக்கும். பின்பகுதியில் இயல்பாகவே கொஞ்சம் எலும்பு வெறுமையாகத் தெரியும். அதைக் கிழிசல் என்று எண்ணிவிடுவது தொடக்கநிலை மருத்துவர்களுக்கு நேரும் பிழை.

பிசிறாகத் தொங்கும் இழைகளை ஷேவர் எனும் சீவும் கருவியால் நீக்கிய பிறகே அளக்க வேண்டும். இல்லையென்றால் ஆழம் தெரியாது. கொக்கி முனையின் நீளம் தெரிந்த புரோப் கருவியே அளவுகோல். சுப்ராஸ்பினேட்டஸ் பதியும் இடத்தின் அகலம் சராசரியாக 12 மி.மீ. அளவு, எனவே 6 மி.மீ. எலும்பு வெளியே தெரிந்தால் பாதி நாண் பிரிந்துவிட்டதாகக் கொள்ளலாம். ஹார்வர்ட் எல்மன் 1990இல் வகுத்த தரங்கள் 3 மி.மீ.க்குக் குறைவு, 3 முதல் 6 வரை, 6க்கு மேல் என்பவை. பாதிக்கு மேல் கிழிந்தால் தைப்பது என்பது பரவலான வழக்கம். வயதும் வேலையும் முடிவை மாற்றும்.

மூட்டுப் பக்கத்தில் கண்ட கிழிசல் மேல்பக்கம்வரை போயிருக்கிறதா என்று அறிய ஓர் எளிய உத்தி உண்டு. தோலுக்கு வெளியிலிருந்து முதுகுத்தண்டு ஊசியைக் கிழிசல் வழியாக மூட்டுக்குள் இறக்கி, அதனுள் ஊதா நிற நூலைச் செலுத்திவிட்டு, நூலை அப்படியே விட்டு ஊசியை மட்டும் உருவுவார்கள். பின்னர் அகநோக்கியை அக்ரோமியனுக்குக் கீழே கொண்டுபோய், பர்சாவைச் சுத்தம் செய்து, நூல் வெளிவரும் இடத்தைத் தேடி, அங்கே புரோப்பால் அழுத்திப் பார்ப்பார்கள். இந்த நூல் இல்லாமல், கீழே கண்ட இடத்துக்கு நேர் மேலே எது என்று சொல்வது அனுபவசாலிக்கும் கடினம்.

கிழிசல் நாணுக்குள்ளேயே ஒளிந்திருந்தால், நாண் இரு பக்கமும் வழவழப்பாகத் தெரியும். சந்தேகமான இடத்தில் ஊசியால் சலைனைச் செலுத்தினால், உள்ளே பிளவு இருக்கும் நாண் கொப்புளம்போல் உப்பும். இக்குறியை லோ, பர்க்ஹார்ட் உள்ளிட்டோர் 2002இல் விவரித்தனர்.

அதிகம் தப்புவது முன்பக்கத்துச் சப்ஸ்கேபுலாரிஸ். அதன் மேல்பகுதி மட்டுமே மூட்டுக்குள்ளிருந்து தெரியும். கையை உட்புறம் சுழற்றி, மேற்கை எலும்பைப் பின்னோக்கித் தள்ளி, 70 பாகை லென்ஸுக்கு மாறினால்தான் அது பதியும் இடம் தென்படும். பைசெப்ஸ் நாண் தன் பள்ளத்திலிருந்து உட்புறமாக நழுவியிருந்தால், இங்கே கிழிசல் இருக்கிறதென்றே கருதித் தேட வேண்டும்.

வரம்புகள்

கிழிசல் முழுமையானதா, பகுதியா என்பதில் மருத்துவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் ஒரே வீடியோவைப் பார்த்தும் பகுதிக் கிழிசலின் ஆழத்தில் வேறுபடுகிறார்கள். வயதானவர்களில் வலியே இல்லாத கிழிசல்களும் சாதாரணம் என்பதால், கண்ட கிழிசலே வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. தைப்பதா, விடுவதா என்ற முடிவு நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே எடுக்கப்படுகிறது. ஆகவே ஸ்கேனில் தெரிந்ததைவிடக் கிழிசல் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் என்ன செய்வார்கள் என்பதை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.