கண்டிச் சீமையின் தோட்டப் பாடசாலைகள்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருக என மலர்க் குழுவினர் என்னைப் பணித்தபோது, நான் நாயக்க மன்னரைப் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருத்தல் கூடும். 1739 முதல் 1815 வரை கண்டி அரியணையில் வீற்றிருந்த அந்நால்வரின் கதை நமக்கு என்றும் இனிக்கும் பொருளே. ஆயினும் அரண்மனையைப் பற்றி எழுதுவார் பலர் உளர். அதற்கப்பால் மலைச்சரிவிலே, தகரக் கொட்டகையொன்றில், நம் முன்னோர் அகரம் பயின்ற கதையை எழுதுவார் சிலரே. ஆகவே பெரியோர் என்னைப் பொறுத்தருள்க.

என் அம்மாயி ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். அங்கு என்ன கற்பித்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன். “வாத்தியாரு பெரட்டுக்களத்துக்குப் பேரெழுதப் போயிருவாருய்யா. நாங்க வாய்ப்பாட்டப் பாடிக்கிட்டே கெடப்போம். கூடை முதுகுல நிக்கிற அளவுக்கு வளந்ததும் பேர் பதிஞ்சுட்டாங்க” என்றார். இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது. நான் செய்வதெல்லாம் அதற்கு ஆண்டுகளைச் சேர்ப்பதே.

1820களில் கன்னொறுவையிலும் கம்பளையை அடுத்தும் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிற்று. கோப்பி பறிக்கும் வேலை சில மாதங்களுக்கே உரியது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் கால்நடையாக வந்தோர் பெரும்பாலும் ஆடவர்; பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். குடும்பம் இல்லாத இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேலை? 1854ஆம் ஆண்டில் கண்டி நகரிலே தோட்டத்துரைமார் சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்கென ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் கிறிஸ்தவ ஊழியமும் தோன்றியது. அவ்வூழியத்தின் தமிழ் உபதேசிமார் தோட்டந்தோட்டமாகச் சென்று, வேலை முடிந்து வந்தவர்களை விளக்கடியில் இருத்திப் படிக்கவும் எழுதவும் பழக்கினர்.

அவர்கள் நோக்கம் மதமாற்றமன்றோ எனச் சிலர் வினவுவர். ஆம், அதுவும் நோக்கமே. அவர்களே அதை மறைத்தாரல்லர். நானும் மிஷன் பாடசாலையில் பயின்றவன்; காலையில் அவர்கள் செபத்தைச் சொல்லி, மாலையில் வீட்டில் தேவாரம் ஓதி வளர்ந்தவன். எனக்கு எழுத்தறிவித்தவர்களைக் குறைகூற என் நா எழவில்லை. நம்மவரை நோக்கி ஒரு கேள்வி கேட்கவே எழுகிறது. 1848ஆம் ஆண்டிலேயே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்த விளக்கின் ஒளி மலையேறி லயத்துக்கு வர ஏன் இத்தனை காலம் சென்றது? புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயத்தை நிறுவிய இராஜலிங்கம் அவர்களைப் போன்றோரை விரல்விட்டு எண்ணலாம்.

நிற்க. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை நட்டார். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி மடிந்து தேயிலை தழைத்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் எடுக்கப்படுவது. அதற்குப் பெண்களின் கை வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன, பிள்ளைகள் பெருகினர். பள்ளிக்கூடம் என்ற பேச்சு உண்மையில் அப்போதுதான் பிறந்தது. பிள்ளைகள் மீது கொண்ட இரக்கத்தால் மாத்திரம் பிறந்ததென்று எவரும் எண்ணற்க. தாய் மலையில் கொழுந்தெடுக்கையில் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்திருத்தல் தோட்டத்துக்கும் வசதியாயிருந்தது.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டமே தோட்டப் பிள்ளைகளைச் சட்டப் புத்தகத்தில் முதன்முதல் ஏற்றியது. தோட்டத்திலுள்ள ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டியதும், அதற்கு ஓரிடம் ஒதுக்க வேண்டியதும் துரையின் கடமை என்றது அச்சட்டம். ஆறு முதல் பத்து! இந்த எல்லையை வாசகர்கள் சற்றே நின்று நோக்க வேண்டுகிறேன். பத்து வயதில் ஒரு பிள்ளையின் அறிவு முதிர்ந்துவிடுவதில்லை. கைகள் மட்டுமே வேலைக்கு முதிர்கின்றன. சட்டம் வகுத்தவர்கள் கல்வியின் தொடக்கத்தைக் கணக்கிட்டார்களோ இல்லையோ, அதன் முடிவைச் சரியாகவே கணக்கிட்டார்கள். ஆகக் குறைந்தது இவ்வளவு என்று சட்டம் வைத்த கோடு, நாளடைவில் ஆகக் கூடியதும் அதுவே என்றாகிவிட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இவ்விதிகளை மேலும் உறுதிப்படுத்தியபோதும் அந்தக் கோட்டை அழித்துவிடவில்லை.

1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் இலங்கைக்கு நியமிக்கப்பட்டார். அவருடைய காரியாலயம் இருந்ததும் நம் கண்டியிலேதான். அவர் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கையில் சம்பளம், வைத்தியம் ஆகியவற்றோடு தோட்டப் பாடசாலைகளும் இடம்பெற்றன. எனினும், அக்காலத்துச் சம்பளச் சட்டம் பள்ளிக்கூடத்தின் நிலையை அவ்வறிக்கைகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. 1927ஆம் ஆண்டின் சட்டப்படி 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம், மத்திய நாட்டில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், சிறுவர்க்கு 31 சதம். ஒரு சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்கிறது. மற்றொன்று அதே பிள்ளைக்கு நாளொன்றுக்கு 31 சதம் என்று விலை குறிக்கிறது. அடுப்பெரிய வழிதேடும் தாய் எதற்குச் செவிசாய்ப்பாள்?

இனி, அப்பாடசாலைகளின் தரம் யாது? இடாப்பில் பெயர் இருப்பது வேறு. பலகைமுன் பிள்ளை இருப்பது வேறு. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியர், நடுவே சுவருக்குப் பதிலாக ஒரு கரும்பலகை என்பது பல தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். ஆகவே தோட்டத்துப் பிற எழுத்து வேலைகளும் அவர் தலையிலேயே விழுந்தன. கொழுந்து மிகுந்த நாட்களில் பெரிய பிள்ளைகள் வரமாட்டார்கள். சிறிய பிள்ளைகளோ தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு வருவார்கள். இத்தனைக்கும் இடையில் ஊருக்குக் கடிதம் எழுதவும் துண்டிலுள்ள கணக்கைச் சரிபார்க்கவும் தெரிந்தவர்கள் இக்கொட்டகைகளிலிருந்தே வெளிவந்தார்கள். பின்னாளில் தொழிற்சங்கக் கூட்டங்களில் நோட்டீசை உரக்க வாசித்தவர்களும் அவர்களிற் பலரே. ஆகவே அவை ஒன்றுக்கும் உதவாதவை என்று சொல்வாரோடு நான் உடன்படேன். அவை செய்யக் கூடியதைச் செய்தன. மேலே செல்லும் படியைத்தான் எவரும் கட்டவில்லை.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நகரத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது. ஐந்தாம் வகுப்போடு முடிந்த தோட்டப் பாடசாலையிலிருந்து அந்தக் கதவை எட்டுவது எங்ஙனம்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடத்தைத் தேடி எந்தப் பிரதிநிதி வருவார்? 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற மிஷன், இந்துப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரிடமே விடப்பட்டன. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. எங்கள் அம்மாயியின் தமக்கையாரும் அவ்வாறு சென்றவரே. 1972, 1975 காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின், 1977 முதற்கொண்டே இப்பாடசாலைகள் சிறிது சிறிதாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி பிறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் ஒரு தலைமுறை கூடை தூக்கிவிட்டது.

பொறுப்பேற்ற பின் வந்த மாற்றத்தைச் சிறிதென்று சொல்லல் தகாது. சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மானிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. தோட்டத்திலே பிறந்த இளைஞரே ஆசிரியர்களாகத் திரும்பி வந்தனர். ஆயினும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் மலைநாட்டில் இன்றும் அரியன.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானை மலை இருப்பதை யாவரும் அறிவர். சென்ற ஆண்டு நண்பர் சிலரோடு அம்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சனிக்கிழமைகளில் ஏறிச் சென்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப் பரிசில் வினாத்தாள்களைச் செய்து காட்டினோம். பிள்ளைகள் கூரியவர்கள், பின்னக் கணக்கில் ஒரு சிறுமி என்னையே திருத்தினாள். அங்குள்ள ஆசிரியை லயத்தில் பிறந்து பட்டம் பெற்றவர். கணக்கும் தமிழும் அங்கே குறைவில்லை என்றார். ஆறாம் வகுப்புக்குக் கண்டி நகருக்குப் போய்வர மாதாமாதம் பஸ் செலவு கொடுக்க முடியாத வீடுகளைத்தான் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தச் சிறுமியின் வீடும் அதில் ஒன்று.

வரும் மாதச் செயற்குழுக் கூட்டத்தில் அத்தகைய பிள்ளைகளின் பஸ் செலவுக்கென ஒரு நிதி திறக்கும்படி பிரேரணை கொண்டுவரவிருக்கிறேன். அதனை ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.