ஊராத்துறையும் கடவுச்சொல்லும்

ஊர்காவற்றுறை என்னும் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஊகார நெடிலில் எழுந்து, ரகர ஒற்றில் சற்றே தயங்கி, காவலின் லகரமும் துறையின் தகரமும் முட்டி இரண்டும் றகரமாய் இறுகி, பிறகு தளர்ந்து அடங்கும் பெயர் அது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைத் தாண்டி வேலணைத் தீவின் வடமேற்குக் கரை வரை போகிறவர்கள் சேரும் இடம். கப்பல் அணையும் துறைக்கு ஊரைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்த பெயர். தமிழ்நாட்டு அன்பர் ஒருவர் இதைப் பிரித்துப் படித்தால் ஊர்க் காவல்துறை என்று எண்ணக்கூடும். அங்கே அந்தச் சொல் சீருடைக்காரரைக் குறிக்கிறது. இங்கே அவர்களைப் பொலிஸ் என்கிறோம். அரச அலுவலுக்குத் திணைக்களம் என்று தனிச்சொல் வைத்திருப்பதால், துறை என்றதும் ஈழத்தவர் மனத்தில் முதலில் வருவது தண்ணீர்தான்: பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, கொழும்புத்துறை.

ஆனால் காவல் இந்தப் பெயருக்குள் பிற்காலத்தில் வந்து குடியேறியது. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டில் நாம் காண்பது ஊராத்துறை. அதே காலத்தில், கடலுக்கு அப்பால், சோழன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டும் இந்தத் துறையை அப்படித்தான் அழைக்கிறது. பகைவர் இருவர் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒத்துப்போனால் அந்த வடிவத்தை நம்பலாம். தீவகத்துப் பேச்சில் ஊராத்துறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முழுப்பெயர் அலுவலகத் தாள்களுக்கு, குறும்பெயர் வாய்க்கு.

பௌத்த பிக்குகள் பாளியில் எழுதிய வரலாறான சூளவம்சம் இதையே சூகரதித்த என்கிறது. சூகரம் பன்றி, தித்த இறங்குதுறை. சிங்களத்தில் ஊராதொட; அங்கும் ஊரா என்றால் பன்றி. சிங்களம் அறிந்த பிக்கு பெயரின் பொருளைக் கேட்டுப் பெயர்த்திருக்கிறார். தமிழ் நாவுக்கோ ஊரா என்பதில் பன்றி இல்லை. அதற்குக் கேட்டது 'ஊர்'. ஊர் கேட்ட பிறகு, ஊருக்கும் துறைக்கும் நடுவே நிற்கும் அந்த ஆகாரம் எதற்கு என்ற கேள்வி வரும். பொருள் மங்கிய அசையைத் தமிழ் நெடுநாள் பொறுத்துக்கொள்வதில்லை. காவல் உள்ளே வந்தது, பெயர் விளங்கிவிட்டது. இதைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பொருள் இல்லாமல் ஒரு சொல்லையும் சுமக்க மாட்டேன் என்ற பிடிவாதம் இந்த மொழிக்கு அழகு.

பின்னர் வந்த போர்த்துக்கேயர் இவ்விடத்தைக் 'காயிஸ்' என்றனர். அவர்கள் மொழியில் அது கப்பல் அணையும் கரை. யானைகளை ஏற்றி அனுப்பிய கரையென்பதால் யானைத்துறை என்றும் வழங்கினர். காயிஸ் தேய்ந்து ஆங்கிலத்தில் கயிட்ஸ் ஆயிற்று. ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லைடன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது அடுக்குகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். தித்த, தொட, துறை, காயிஸ். முன்னொட்டு பன்றியாகிறது, ஊராகிறது, காவலாகிறது, உதிர்ந்தும் போகிறது. இறங்குமிடம் என்ற பொருள் மட்டும் எந்த மொழியிலும் அசையவில்லை. கயிட்ஸ் என்று சொல்லும் ஆங்கிலேயர் துறை என்றே சொல்கிறார், தெரியாமல்.

கா. இந்திரபாலா 1963 இல் படித்து வெளியிட்ட அந்த நயினாதீவுக் கல்வெட்டு சொல்லும் செய்திக்குத்தான் நான் வர விரும்புகிறேன். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்பட வேண்டும், பல துறைகளிலிருந்து வருவோரும் நம் துறையிலேயே கூட வேண்டும் என்பது ஆணை. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. அரசன் எதை விரும்பி வரவழைக்கிறான் என்பது அந்தப் பங்கு வீதத்திலேயே தெரிகிறது. வருகிறவர் எந்த வழியாக வரவேண்டும், வந்தபின் யார் பொறுப்பு, எந்தச் சரக்குக்கு என்ன விதி என்று வகுத்து, அதைக் கல்லிலும் செம்பிலும் பொறித்த ஆணை இது.

கணினி வலையமைப்பை நடத்துகிறவர்கள் இன்று செய்வதும் இதுவே. ஒவ்வொரு கணினிக்கும் 0 முதல் 65535 வரை எண்ணிட்ட நுழைவிடங்கள் உண்டு. அவற்றைப் போர்ட் என்கிறார்கள். இணையப் பக்கம் 80 இலும், பூட்டிய இணையப் பக்கம் 443 இலும் வந்து அணைகின்றன. அஞ்சல் 25 இல். தொலைவிலிருந்து காப்போடு கணினியை இயக்கும் எஸ்எஸ்எச் நெறிமுறையை 1995 இல் எழுதிய பின்லாந்தின் டாட்டு யுலோனன், பழைய 21 க்கும் 23 க்கும் இடையே வெறுமையாய் இருந்த 22 ஐக் கேட்டு வாங்கினார். நல்ல பாதுகாப்பு என்பது இந்த 65,536 இடங்களில் தேவையான இரண்டு மூன்றைத் திறந்து மற்றவற்றை மூடிவைப்பது. வருவோர் எல்லாரும் ஊராத்துறைக்கே வரட்டும் என்பதைப் போல.

போர்ட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல் துறை. சிலர் இதை அரைமனத்தோடு ஏற்கிறார்கள்: கணினியின் போர்ட் கடல்துறையிலிருந்து வந்ததல்ல, இலத்தீனில் வாயிலைக் குறிக்கும் 'போர்த்தா'விலிருந்து வந்தது, ஆகவே துறை தவறான பெயர்ப்பு என்பது அவர்கள் வாதம். போர்த்தா வாயில் என்பது உண்மை. துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்த்துஸ்' அதன் உடன்பிறப்பு என்பதும் உண்மை. இரண்டுக்கும் அடியில் கிடப்பது கடத்தல் என்ற வினைப்பொருள். தித்தவின் மூலமான தீர்த்தத்துக்கும் வடமொழியில் அதுதான் வேர்ப்பொருள்: கடந்துபோகும் இடம். ஆகவே துறை என்ற சொல் அங்கே கூச்சப்பட வேண்டியதில்லை, தாராளமாகப் புழங்கட்டும்.

கூச்சப்பட வேண்டியது, இந்தத் துறைகளைக் காக்கும் ஃபயர்வாலுக்கு வழங்கும் தீச்சுவர் என்ற பெயர். தமிழில் மண்சுவர் மண்ணாலான சுவர், கற்சுவர் கல்லாலான சுவர். அந்த வரிசையில் தீச்சுவர் எரிகின்ற சுவராகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவாமல் நடுவே எழுப்பும் சுவர். உவமையே அவர்கள் கட்டடக்கலையைச் சேர்ந்தது. ஒரு துறையில் எதை விடுவது, எதை மறிப்பது என்று பார்த்துப் பார்த்து முடிவெடுக்கும் பணியைச் சுவர் என்பதே எனக்கு உவப்பில்லை. மெய்காவல், ஊர்காவல் என்ற வாய்பாட்டில் துறைகாவல் என்றால் என்ன? ஊர்காவற்றுறையின் சொற்களைக் கழற்றி மாற்றிக் கோத்தால் கிடைக்கும் பெயர் அது.

சுவரைவிடக் காவலையே விளையாட்டாக்கிய மரபும் நமக்கு உண்டு. கிளித்தட்டில் ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் நின்று மறிக்கிறார், அவர் தம் கோட்டை விட்டு விலக முடியாது. நடுக்கோட்டில் ஓடும் உரிமை கிளி எனப்படும் ஆட்டக்காரருக்கு மட்டும். யாருக்கு எந்த எல்லை வரை அதிகாரம் என்று பிரித்து வைப்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். இன்றைய திரை விளையாட்டுகளில் காவலர் கையில் அகப்படாமல் எல்லை கடப்பதையே பொருளாகக் கொண்டவற்றை வடிவமைப்போர் யோசிப்பதும் இதைத்தான்; எல்லா இடத்துக்கும் போகக்கூடிய காவலர் பலர் இருந்தால் ஆட்டம் கெட்டுவிடும்.

மறிப்பதைப் பற்றிப் பேசினோம். கடப்பதற்கு வருவோம், அந்த வினை இன்னும் இனியது. கட என்னும் அடியிலிருந்து கடவு, கடவை, கடப்பு என்று கிளைத்தவை எல்லாம் வழிகள். யாழ்ப்பாணத்து வேலியில் ஆள் மட்டும் நுழையவோ ஏறித் தாண்டவோ விட்ட இடம் கடப்பு. படலை போட்ட வாயில் வேறு. அந்தக் கடவைதான் இன்று வீதிக்கு வந்து பாதசாரிக் கடவை ஆயிற்று, தண்டவாளத்துக்குப் போய்ப் புகையிரதக் கடவை ஆயிற்று. மலையாளத்தில் கடவு என்றாலே தோணித்துறை. தீவுப்பகுதியில் இதற்கு நேரெதிரான ஒரு நகர்வு நடந்திருக்கிறது: ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் பெயர் பாதை. 'பாதை போயிட்டுதோ?' என்று கரையில் நின்று கேட்பார்கள். அங்கே வழி அந்த வழியில் போகும் கலமாகிவிட்டது. மலையாளக் கடவிலோ வழி தோணி அணையும் கரையாயிற்று.

கடவுச்சீட்டு நமக்குப் பழகிய சொல். போர்க்காலத்தில் வடக்கைவிட்டு வெளியே போக நாட்கணக்கில் காத்திருந்து எடுத்த தாளை எல்லோரும் பாஸ் என்றே சொன்னோம். கடவு என்ற நல்ல சொல்லை அந்தத் தாளுக்கு யாரும் கொடுக்கவில்லை, கொடுக்காததும் சரி. கணினிக்கு வந்தபோதுதான் அது மீண்டும் மலர்ந்தது: கடவுச்சொல். சகரம் மிகுந்திருப்பதைக் கவனியுங்கள். கடவு வினையாக இருந்தால் ஊறுகாய்போல் மிகாமல் கடவுசொல் என்று நிற்கும். தேர் கடவுதல் என்பதில் உள்ள கடவுக்குச் செலுத்துதல் பொருள், ஆகவே அது செலுத்தும் சொல் ஆகியிருக்கும். ஓர் ஒற்று வந்து, இது வழி என்னும் பெயர், வழிக்கு உரிய சொல் என்று உறுதிசெய்கிறது.

1960களின் தொடக்கத்தில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ குழு பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியை அமைத்தபோது ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தது. 1962 இலேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், அந்தக் கடவுச்சொற்கள் அனைத்தும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் விதிகளைக் கூட்டினார்கள்: ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி. பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாத மொழியில் எழுதுகிற நமக்கு அந்த விதி எதைக் கேட்கிறது? அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2017 இல் வெளியிட்ட நெறிகளில் இத்தகைய கலப்பு விதிகளைக் கைவிட்டு, நீளத்தை முன்வைத்து, எம்மொழி எழுத்தையும் ஏற்கலாம் என்றது. நீளம் வேண்டுமென்றால் தமிழுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடர்பில்லாத நான்கு சொற்களை அடுக்கினால் ஊகிக்கக் கடினமான கடவுச்சொல் ஆகிவிடும்.

ஆனால் நம் எழுத்துக்கே உரிய இரண்டு நுட்பங்களைச் செயலி எழுதுவோர் அறிந்திருக்க வேண்டும். ஒருங்குறியில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இடலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் இடலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை, கணினிக்கு உண்டு. இரண்டையும் ஒருவடிவாக்காத செயலி, சரியான கடவுச்சொல்லைத் தட்டியவரையே வாசலில் நிறுத்தும். மற்றது நம் பழைய எண்கள். ௧ க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கின்றன. .இலங்கை என்ற தமிழ் முகவரி 2010 இலேயே கிடைத்துவிட்ட காலத்தில், ஓர் உகரத்துக்குப் பதில் ௨ ஐ வைத்து வேறொருவர் பெயரில் முகவரி எடுக்க ஒரு வஞ்சகன் எண்ணலாம். தமிழ் முகவரிகளில் இந்த எண்களை எழுத்தோடு கலக்க விடாதிருப்பதே நல்லது என்பது என் துணிவு.

இப்போது கடவுச்சொல்லின் சொல் போய்க் கடவு மட்டும் எஞ்சும் காலம். தட்டச்சிட வேண்டாம், நினைவில் வைக்க வேண்டாம். கைபேசிக்குள் ஓர் இரகசிய எண் தளத்துக்குப் போகாமல் இருந்து, தளம் அனுப்பும் கேள்விக்கு ஒப்பமிட்டு விடை அனுப்புகிறது. அந்த எண்ணைத் திருட்டுத் தளத்தில் தவறித் தட்டிவிட வழியில்லை, ஏனென்றால் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இதைக் கடவுச்சாவி எனலாம். சாவி போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல், தமிழில் நன்றாகவே பழகிவிட்டது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பூட்டுக்குத் துணை திறப்பு. திறக்கும் செயலும் அதைச் செய்யும் கருவியும் ஒரே பெயர் பெற்ற தொழிலாகுபெயர் அது. அதனால் நான் கடவுத்திறப்பு என்றே எழுதி வருகிறேன், தகர ஒற்றை விடாமல்.