மயிற்பொறியும் சோளத்தட்டை வண்டியும்

குழந்தை உருட்டி விளையாடும் சிறுதேரைத் தமிழ்ப் புலவர்கள் அற்பப் பொருளாக எண்ணியதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு பாட்டுகளிலும் அது இடம்பெறுகிறது. பட்டினப்பாலையில், உலரும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டிவரும் சிறுவரின் வழியை மறிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் தேர் இன்னும் நுட்பமானது. அது தச்சருடைய பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்யப்பட்ட தேர். அதை உருட்டிக் களைத்த சிறார் செவிலியிடம் பாலருந்தி உறங்குகின்றனர். செல்வர் வீட்டுப் பிள்ளை எதைக் கண்டாலும் ஆசைப்படும்; உளியும் மரமும் அன்றாடம் காணும் தச்சன் பிள்ளை எளிதில் மயங்காது. பொம்மையின் வேலைத்திறத்துக்கு அந்தப் பிள்ளையையே புலவர் உரைகல்லாக வைத்தார். தொழிலின் உள்விவரம் அறிந்த வீட்டுக் குழந்தையே பொம்மைக்குச் சரியான நீதிபதி என்னும் இந்தக் கருத்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர்த் திண்டுக்கல் சீமையின் விளையாட்டுப் பொருள்களை ஆராய்வார்க்கும் கைவிளக்காகிறது.

தேர் அக்காலத்தின் பெருவியப்பு. அதனால் சிறுதேர் பிறந்தது. கண்ணுக்கு எட்டாத வியப்புகளையும் நம் காப்பியங்கள் பொறியாகச் செய்து பார்த்தன. சீவக சிந்தாமணியில் சச்சந்தன், தேவி விசயை கண்ட தீக்கனவின் பயனை உணர்ந்து, வானில் பறக்கும் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். அதன் திருகை வலப்புறம் திருப்பினால் மேலெழும். இடப்புறம் திருப்பினால் தரையிறங்கும். தேவி அதில் ஏறிப் பறந்து பழகுகிறாள். விளையாட்டுப்போல் தொடங்கிய அந்தப் பழக்கமே, கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில் அவள் உயிரைக் காத்து, சுடுகாட்டில் இறக்கி, சீவகன் பிறக்க வழி செய்கிறது. மந்திரத்தாலோ தெய்வ அருளாலோ பறந்ததென்று திருத்தக்கதேவர் ஒதுங்கிவிடவில்லை; எப்பக்கம் திருகினால் என்ன நிகழும் என்று சொல்லுகிறார். உ.வே.சாமிநாதையர் 1887இல் இந்நூலைப் பதிப்பித்தபோது, அறிவியல் புனைகதை என்னும் தொடர் தமிழில் இல்லை; பொருள் மட்டும் ஏட்டில் காத்திருந்தது. உதயணன் கதையில் வீரரை வயிற்றுள் மறைத்துவரும் யந்திர யானையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கும் இத்தகைய பொறியொன்றோடு மறைமுக உறவு உண்டு. மைசூர் அரசின் பௌஜ்தாராக 1755இல் இங்கு வந்த ஹைதர் அலி, இவ்வூரிலிருந்தே வலிமை பெருக்கினார். 1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவர் மகன் திப்புவின் அரண்மனையில் அகப்பட்ட பொருள்களுள் ஒரு மரப்புலியும் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன்மேல் பாய்ந்து நிற்கும் அந்தப் புலியின் கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும். கீழே கிடப்பவன் கை அசையும். விலாப்பக்கத்தைத் திறந்தால் உள்ளே இசைக்கருவி தெரியும். இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். மன்னனின் கோபத்தைத் தாங்கிய அதைப் பொம்மை என்றே அழைக்க வேண்டும்; வேறு பெயர் பொருந்தாது.

அரண்மனைகளை விட்டுச் சமவெளிக்கு வருவோம். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளம் அறுவடையானபின், தட்டை காய்ந்து நிற்கும் நாள்கள் சிறுவர்க்குத் திருவிழா நாள்கள். காய்ந்த தட்டையின் மேல்தோலை நீளமாக உரித்தால் உறுதியான சிம்பு கிடைக்கும்; கவனமின்றி உரித்தால் விரலையும் அறுத்துவிடும். உள்ளே இருப்பது நெட்டிபோல் இலேசான சோறு. சோற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, சிம்பைக் கூராக்கி அதில் குத்திக் கோத்தால் வண்டிச்சட்டம் உருவாகும். கருவேல முள் அச்சாணியாகும். தேய்ந்த ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய துண்டு சக்கரமாகும். துண்டு ஒன்று, குத்தும் சிம்பு ஒன்று. இரண்டே வகை உறுப்புகள். இவற்றைக் கொண்டு முதலில் மாட்டுவண்டி செய்தவர்கள், சாலையில் பேருந்து ஓடத் தொடங்கியதும் பேருந்து செய்தார்கள், பிறகு லாரி, தலைக்குமேல் ஒலி கேட்டதும் விமானம். அண்ணன் செய்ததைப் பிரித்துத் தம்பி வேறொன்று செய்வான். பொழுது சாய்ந்ததும் மாடு அதைத் தின்றுவிடும். மறுநாள் வேறு வண்டி. வழிகாட்டும் படத்தாள் இல்லை, பெட்டி இல்லை, விலையும் இல்லை. நுங்கு தின்ற கூந்தல் இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவைக்கோலால் தள்ளிய வண்டியும் இவ்வகைப்பட்டதே. ஆயினும் அது ஒரே உருவத்தோடு நின்றுவிட்டது. சோளத்தட்டைக்கு இருந்த பல்லுருவம் அதற்கு வாய்க்கவில்லை.

இந்தத் துண்டும் சிம்பும் என்னும் இலக்கணத்தையே மேலை நாட்டார் இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்தார்கள். இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி, தம் மக்களுக்காகத் துளையிட்ட தகட்டுப் பட்டைகளையும் திருகாணிகளையும் வைத்துப் பாரந்தூக்கிப் பொம்மை செய்து, 1901இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அது மெக்கானோ எனப் பெயர் பெற்றது. டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவர் நிறுவனத்தின் லெகோ கட்டைகள், ஒன்றையொன்று இறுகப் பற்றும் இன்றைய வடிவத்துக்கு 1958இல் காப்புரிமை பெற்றன. 1978இல் விண்வெளிக் கலங்களும் வீரர்களும் அக்கட்டைகளில் வந்தன. கிறிஸ்டியான்செனும் தச்சரே என்பதை, பெரும்பாணாற்றுப்படை கற்றோர் வியப்பின்றி ஏற்பர்.

மெக்கானோவின் வழியில் வந்த மெக்கானிக்ஸ் பெட்டி 1980களிலும் 1990களிலும் நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. நுழைந்த விதம் கவனிக்கத்தக்கது. அது மாமா ஊரிலிருந்து வாங்கிவந்த பரிசாக வரும். திருகாணி தொலைந்துவிடும் என்ற அச்சத்தால் அம்மா அதைப் பீரோவின் மேல் வைத்துவிடுவார். தேர்வு முடிந்த பின்னரே கீழே இறங்கும். ஒரு வேளை விளையாட்டு முடிந்ததும் திருகாணிகளை எண்ணி டப்பாவில் போட வேண்டும். மாட்டுக்கு விடப்பட்ட சோளத்தட்டைக்கும் எண்ணி வைக்கப்பட்ட திருகாணிக்கும் நடுவே, விளையாட்டின் பொருளியல் முழுவதும் மாறிவிட்டது. சிற்றில் இழைப்பதும் சிதைப்பதும் ஒன்றையொன்று தொடரும் விளையாட்டாகப் பிள்ளைத்தமிழ் கண்டது. பீரோவின் மேலிருந்த பெட்டி, சிதைக்கும் உரிமையை முதலில் பறித்தது.

திண்டுக்கல் நகரத்தின் கதை வேறு. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டிப் பகுதிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பூட்டுத் தொழில் குடிசைத் தொழிலாக நிலைபெற்றது. தகட்டை வெட்டுவதும் லீவரை அரத்தால் தேய்ப்பதும் ரிவெட் அடிப்பதும் சாவியின் பல்லை வெட்டுவதும் கையாலேயே நிகழும். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு எனப் பல வகை. தெரியாதவரைத் திகைக்க வைக்கும் தந்திரப் பூட்டும் அவற்றுள் ஒன்று. பட்டறையும் வீடும் ஒட்டியிருந்தால், மூடப்படாத பூட்டின் வயிற்றை குழந்தை நாள்தோறும் காணும். எந்த லீவர் எழுந்தால் கொக்கி விலகும் என்பதைப் பாடம் படிக்காமலே அறியும்.

இத்தகைய ஊருக்குள் வந்ததுதான் சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர் தகரத்தில் செய்து உலகெங்கும் விற்ற இயந்திர மனிதர்களின் வழிவழி வந்த உருவங்களும், மெழுகுதிரி ஏற்றினால் தடதடவென ஓடும் தகரப் படகும், அழுத்தினால் ஒலிக்கும் தகரத் தவளையும் திருவிழாக் கடைகளின் செல்வங்கள். மாசித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கும், பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கும் சென்ற குடும்பங்கள் பொரிகடலையோடு பொம்மையும் வாங்கித் திரும்பும். சாவி கொடுத்த பொம்மைபோல் என்பது தமிழில் சுயபுத்தி அற்றவரை இகழும் தொடராகிவிட்டது. ஆனால் அந்தப் பொம்மை அவ்வளவு இழிவானதன்று. ஓட்டம் நின்றதும் தகட்டின் காதை நிமிர்த்தித் திறந்தால், சுருண்ட வில்லும் பற்சக்கரங்களும் கண்முன் கிடக்கும். காரணமும் காரியமும் ஒருசேரத் தெரியும். பிற ஊர்களில் அதைத் திறந்த பிள்ளைக்கு அடி விழும். பூட்டுப் பட்டறை வீட்டில் அதை மறுபடி பூட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகிலிருப்பார். பண்டைத் தச்சன் பிள்ளையின் இடத்தில் அமர்ந்தது இந்தப் பூட்டாசாரி பிள்ளையே.

விண்மீன்கள் வேறொரு வழியாக வந்தன. கொடைக்கானல் மலையில் 1899இல் நிறுவப்பட்ட கதிரவ ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை ஆய்ந்துவருகிறது. அடிவாரத்துச் சமவெளிப் பிள்ளைகளுக்கு வானத்தைத் தந்ததோ, அதே மலையில் பிற்காலத்தில் எழுந்த தொலைக்காட்சிக் கோபுரம். 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய என் இனிய இயந்திரா என்னும் தொடர்கதை ஜீனோ என்ற எந்திர நாயைத் தமிழ் வீடுகளுக்குள் ஓடவிட்டது. எந்திர மனிதனுக்கு ரோபோ என்ற பெயரைச் செக் நாட்டுக் கரேல் சாபெக்கின் நாடகம் 1921இல் மேடையேறி உலகுக்கு வழங்கியது. அங்கு அது தொழிலாளியின் துயரக் கதை. ஜீனோவோ வளர்ப்புப் பிராணி. படிக்கும், வாதாடும், கேலி பேசும். குடும்பத்துக்குள் உறவாக ஒரு பொறியை வைத்த பெருமை நம் எழுத்துக்கு உண்டு. ஜப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்னும் எந்திர நாயைக் கடைக்குக் கொண்டுவந்தது 1999இல்தான்.

கடைகளில் வந்தவை பெரும்பாலும் முடித்து மூடிய உருவங்கள். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கி டயர்த் தொழிலில் ஓங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் கூடி 1987இல் ஃபன்ஸ்கூலை உருவாக்கியது; பலூனில் பிறந்தது மீண்டும் பொம்மைக்கே வந்தது. ஜி.ஐ.ஜோ வீரர்கள் அவ்வழியே இந்தியக் கடைகளில் நிரம்பினர். அவ்வீரன் முதுகில் ஒரேயொரு திருகாணி உண்டு. கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வளையமே அவன் கைகால்களைப் பிணைத்து நிற்பது தெரியும். அதைக் கண்டறியாத சிறுவர் குறைவு. பிறகு மின்கலத்தில் ஓடும் பேசும் எந்திரப் பொம்மைகள் மலிந்தன. இவற்றைத் திறந்தால் பச்சைப் பலகையொன்றும் அதன்மேல் கறுப்புப் பொட்டும் காணப்படும். அசைவது எதுவும் இல்லை. பொம்மையின் அறிவெல்லாம் அந்தப் பொட்டுக்குள் உறைந்துவிட்டது. திறந்து பார்த்த பிள்ளைக்கு அதனால் விளைந்தது ஒன்றுமில்லை. பூட்டாசாரியின் பேரனும் இங்கே மற்றவரைப் போலவே வெறுங்கையனாகிறான்.

விலையும் ஒரு மதில். மண்தேர் வைத்திருந்த ஏழைப் பிள்ளை அடுத்த வீட்டுப் பொன்தேருக்கு அழுத கதையைச் சூத்திரகரின் வடமொழி நாடகம் சொல்லிற்று. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை மண்ணியற் சிறுதேர் என்று தமிழாக்கினார். லெகோ கட்டை இருக்கும் வீடும், பையில் விற்கும் போலிக் கட்டை இருக்கும் வீடும் ஒரே தெருவில் அமைந்தபோது அந்த அழுகை புதிதாகக் கேட்டது.

இந்த மதிலைத் தாண்ட ஒருவர் முயன்றார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாய்த் துண்டுகளையும் இணைத்து முக்கோணம், கூம்பு, வீடு, பாலம் எனக் கட்டும் முறையை 1987இல் வெளிவந்த நூலில் விளக்கினார். துண்டு ஒன்று, இணைப்பு ஒன்று என்னும் சோளத்தட்டை இலக்கணமே மீண்டும் உயிர்த்தது. அந்தத் தீக்குச்சி சாத்தூரும் சிவகாசியும் கோவில்பட்டியும் நாடெங்கும் அனுப்பும் பொருள் என்பதை நினைத்தால், இவ்விளையாட்டு வடக்கிலிருந்து வந்ததென்று சொல்ல நாக்கூசும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கைத்தொழில் வழியே அறிவு பெறலாம் என்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கொள்கையைத் தாங்கி, சின்னாளபட்டிக்கு அருகே 1947இல் காந்திகிராமம் எழுந்த மண்ணில், தீக்குச்சி வீட்டை அயலானது என்று எவரும் கருதார்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அலிகார் பூட்டுகளும் எந்திரத்தில் செய்தவையும் சந்தையைப் பிடித்திருந்தன; பட்டறைகள் பல மூடப்பட்டிருந்தன. பெருமை பட்டயத்தில் ஏறியபோது, திறந்த பூட்டைப் பார்த்து வளரும் பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தலைவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடிய கவிஞர்களும் பெரும்பாலும் சிறுதேரோடு நின்றுவிட்டனர். சாவி பொம்மைக்கும் சோளத்தட்டை விமானத்துக்கும் ஒரு பருவம் வகுக்கவில்லை.

நவராத்திரிக் கொலு மட்டும் இவற்றுக்கு இடம் கொடுத்துவந்துள்ளது. படிகளில் விளாச்சேரி மண்பொம்மைகள் வரிசையாக நிற்க, கீழே தரையில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைவிட்டு, குளமும் சாலையும் அமைத்துப் பிள்ளைகள் தம் பொம்மைகளை நிறுத்துவது வழக்கம். மெக்கானிக்ஸ் பாரந்தூக்கியும் பிளாஸ்டிக் எந்திரனும் பெட்டியிலிருந்து வெளிவரும் பத்து நாள்கள் அவை. சந்திரயான் 3 இறங்குகலம் நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்டு 23. அதன் முன்னோடிச் சோதனைகளுக்கு இஸ்ரோ செய்துகொண்ட போலி நிலவுத் தரை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் பாறையை இடித்துப் பொடியாக்கியதால் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் பல வீட்டுக் கொலுத் தரைகளில் தெர்மோகோல் நிலவு பரந்தது. குழிகள் கரண்டியால் தோண்டப்பட்டன. தீப்பெட்டிமேல் வெள்ளித்தாள் ஒட்டிய கலம் ஒன்று, ஈர்க்குச்சிக் கால்கள் நான்கை ஊன்றி, தலையாட்டிச் செட்டியாருக்கு அருகே இறங்கியிருந்தது.