திசைவேற்றுமை: காந்தவியலில் ஒரு தமிழ்ச்சுவடு

காந்தம் என்றதும் நாம் இரும்பையே எண்ணுகிறோம். இன்றைய இயற்பியலோ, சில அணுக்களின் தடிமனே உடைய ஏட்டில் காந்த ஒழுங்கு நிலைபெறுமா என்று வினவுகிறது. அவ்வினாவிற்கு விடை 'திசை' என்னும் சொல்லில் அடங்கியுள்ளது. அதன் வரலாற்றைத் தேடிச் சென்றால் ஒரு தமிழரைக் காண்கிறோம்.

வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928-இல் இராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டவர். பின்னர் டாக்காவிலும், 1933 முதல் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். படிகத்தை மெல்லிய இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அது திரும்ப முயலும் முறுக்கத்தை அளந்தார். பென்சிலில் உள்ள கிராபைட்டும் அவர் ஆய்வுக்கு உள்ளானது. கார்பன் ஏடுகள் அடுக்கடுக்காய் அமைந்த அப்பொருள், ஏடுகளுக்குச் செங்குத்தான புலத்தை வலிமையாக எதிர்க்கிறது. இணையான புலத்தை மிகச் சிறிதளவே எதிர்க்கிறது. பொருள் ஒன்றே, திசை மாறப் பண்பும் மாறுகிறது.

கிராபைட்டில் காந்த ஒழுங்கு இல்லை. எனினும் அது உணர்த்திய திசைச்சார்பே பிற்காலத்தில் முதன்மை பெற்றது. அணுக்காந்தங்களுக்கு எல்லாத் திசையும் சமமாயின், இருபரிமாண ஏட்டில் வெப்பம் சிறிதளவு இருப்பினும் ஒழுங்கு குலையும் என மெர்மினும் வாக்னரும் 1966-இல் நிறுவினர். ஒரு திசைக்கு முன்னுரிமை இருப்பின் அத்தடை நீங்கும். 2017-இல் குரோமியம் டிரைஅயோடைடின் ஒற்றை ஏட்டில் 45 கெல்வின் வரை காந்த ஒழுங்கு நிலைபெறுவது கண்டறியப்பட்டது. அதில் அணுக்காந்தங்கள் ஏட்டிற்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஈரேட்டு அடுக்கில் மேலேடும் கீழேடும் எதிரெதிர்த் திசை கொள்கின்றன. புலத்தால் அவற்றை ஒருதிசைப்படுத்தினால் ஊடே செல்லும் மின்னோட்டம் மாறுகிறது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு அதன் தற்சுழற்சியையும் பயன்கொள்ளும் தற்சுழற்சி மின்னணுவியலுக்கு இத்தகைய மாற்றமே அடிப்படை.

இப்பண்பைத் 'திசைவேற்றுமை' எனலாம். இலக்கணத்தில் பெயர் ஒன்றே. உருபு மாறப் பொருள் வேறுபடுவதை மாணவர் முன்பே கற்றுள்ளனர். அந்த அறிவே இங்குத் துணைசெய்யும்.

2003-இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாறியபோது, நம் கலைச்சொற்கள் வகுப்பறையினின்று ஒதுங்கின. அக்கொள்கை பின்னர்க் கைவிடப்பட்டது. ஒதுங்கிய சொற்கள் தாமே திரும்பிவிடுவதில்லை. மின்னணுப் பொறியியல் கற்பிக்கும் மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்று டுரியான் துங்காலிலேயே உள்ளது. தோட்டப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகள் அவ்வாயிலுக்குள் நுழையும்போது கருத்து அயலாகத் தோன்றலாகாது. ஆசிரியர்களே, ஒரு பென்சிலைக் காட்டி, அதனுள் ஏடுகள் உள்ளன, ஏடுகளுக்குத் திசை உண்டு என்று தமிழில் தொடங்குங்கள். சொல் வகுப்பறையில் புழங்கினால்தான் மொழியில் நிலைக்கும்.