மாணவரின் கற்றல் ஊக்கத்தை மதிப்பிடுதல்

பள்ளி மாணவர் எதற்காகப் படிக்கிறார், கடினமான இடத்தில் எவ்வளவு நேரம் நின்று முயல்கிறார், யாரும் பார்க்காதபோதும் படிப்பைத் தொடர்கிறாரா என்பவற்றை அறிய முற்படுவதே கற்றல் ஊக்க மதிப்பீடு. மாணவரிடமே கேட்பது, அவர் செய்வதைக் கவனிப்பது ஆகிய இரண்டு வழிகளை உளவியலாளர்கள் கையாள்கிறார்கள். பள்ளிகளோ பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்தே ஊக்கத்தை ஊகிக்கின்றன. குறைந்த மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு ‘படிப்பில் அக்கறை இல்லை’ என்ற பெயர் வந்துவிடுகிறது. அந்த ஊகம் எங்கே தவறுகிறது என்று காண, ஹைதராபாத்தின் வடபகுதியில் அல்வாலை ஒட்டி, கரீம்நகர் நெடுஞ்சாலையில் உள்ள லோத்குண்டா பொருத்தமான இடம். அதை ஒட்டிய செகந்திராபாத் கண்டோன்மென்ட் வட்டாரத்தில் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் பேசும் குடும்பங்கள் அருகருகே வாழ்கின்றன. தமிழர்கள் தலைமுறைகளாக அங்கே இருக்கிறார்கள். தெலங்கானா அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கில வழிக் கல்வி வந்தது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடப்புத்தகத்தில் வேறொரு மொழி என்றிருக்கும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காவிட்டால், அதற்கு விருப்பம் இல்லையா, கேள்வியே புரியவில்லையா என்று விடைத்தாள் சொல்லாது.

ஆர்வமின்மை என்று எழுதப்படுவது பல நேரம் வேறொரு தடை. வட இந்திய மாநிலங்களின் தொடக்கக் கல்வியை ஆராய்ந்து 1999-இல் வெளிவந்த ‘புரோப்’ அறிக்கை, ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் நாட்டமில்லை என்ற பரவலான நம்பிக்கையை மறுத்தது. பெற்றோர் படிப்பை விரும்பினார்கள். பள்ளிகளின் நிலைதான் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்தது. பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் தந்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் எண்ணிக்கை சுமார் 30 விழுக்காடு கூடியது. பள்ளி தொலைவில் இருந்த கிராமங்களில்தான் பலன் மிகுந்திருந்தது. விருப்பம் அந்த மாணவிகளிடம் முன்பே இருந்தது, பள்ளிக்குப் போக வழிதான் இல்லை. சைக்கிள் வருவதற்கு முன் அவர்களை அளந்திருந்தால் எந்த வினாத்தாளும் தவறான விடையையே தந்திருக்கும்.

மாணவரிடம் நேரே கேட்கும் கருவிகளில் புகழ்பெற்றது, கனடாவின் ராபர்ட் வாலரான் குழுவினர் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கல்வி ஊக்க அளவுகோல். 28 கூற்றுகள் கொண்டது. அறியும் மகிழ்ச்சிக்காகப் படிப்பது, வேலைக்காகவும் பெருமைக்காகவும் படிப்பது, ஏன் படிக்கிறோம் என்றே தெரியாமல் பள்ளிக்கு வருவது ஆகியவற்றை அது பிரித்துக் காட்டுகிறது. இந்தப் பிரிப்பு பயனுள்ளது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆசிரியர் பார்ப்பார் என்று தெரிந்தால் பிள்ளை எழுதுவது ஆசிரியர் விரும்பும் பதில்தான். இரவுவரை படிக்கவைக்கும் பள்ளியில் எல்லாரோடும் தன்னை ஒப்பிடும் மாணவர் தன் முயற்சியைக் குறைத்தே மதிப்பிடுவார். நடத்தையைப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர் விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரை எவ்வளவு நேரம் தொட்டார்கள் என்று கவனித்தார். தேர்வு மதிப்பெண்கூட முயற்சியால் மாறும். யூரி நீசியும் கூட்டாளிகளும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு தொடங்கும் நேரத்தில் பரிசுப் பணம் அறிவித்ததும் அமெரிக்க மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, ஷாங்காய் மாணவர்களிடம் பெரிய மாற்றமில்லை. புதிதாக எதையும் படிக்க அவகாசமே இல்லாத நிலையில் வந்த உயர்வு அது. அறிவு குறைவு என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு, தேர்வைப் பொருட்படுத்தாமையாக இருக்கலாம்.

பரிசும் ரேங்கும் பிள்ளைகளை உழைக்கவைக்கின்றனவே, அந்த உழைப்பே ஊக்கத்துக்குச் சான்றல்லவா என்ற வாதம் வலுவானது. ரோலண்ட் ஃப்ரையர் 2011-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வுகள் அதற்குப் பாதி விடை தருகின்றன. நியூயார்க்கில் மதிப்பெண்ணுக்குப் பணம் தந்தபோது பலனில்லை. டல்லாஸில் படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் 2 டாலர் தந்தபோது ஆங்கிலத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கூடியது. மதிப்பெண் பிள்ளையின் கையில் இல்லை, புத்தகம் இருக்கிறது. ஆனால் அந்த டல்லாஸிலேயே ஸ்பானிய மொழியில் தேர்வு எழுதிய பிள்ளைகளிடம் அப்பலன் தெரியவில்லை. பல மொழி வீடுகள் கொண்ட லோத்குண்டாவுக்கு இதுவே முக்கியமான செய்தி.

ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேரை இப்படிக் கவனிக்க நேரம் ஏது என்பது ஆசிரியர்கள் எழுப்பும் நியாயமான எதிர்வாதம். 2009 கல்வி உரிமைச் சட்டம் சொன்ன தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு பல இடங்களில் பதிவேடு நிரப்பும் வேலையாகச் சுருங்கியதற்கு இதுவும் காரணம். எல்லாரையும் எல்லாவற்றிலும் அளக்கத் தேவையில்லை. பின்தங்கியவர்களாகத் தோன்றும் சிலரிடம் மட்டும், வீட்டு மொழியில் கேட்டால் பதில் வருகிறதா, பிழை திருத்தித் தந்த தாளை மறுபடி செய்து பார்க்கிறார்களா, நூலகத்தில் தாமாக எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2002 முதல் சுமார் 3,000 பிள்ளைகளைப் பல சுற்றுகளாகப் பின்தொடர்ந்த ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு போல, கேட்டதையே சில காலம் கழித்து மீண்டும் கேட்கவும் வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கையின் புதிய முன்னேற்ற அட்டையில் மாணவரின் சுயமதிப்பீடும் இடம்பெறுகிறது. அதற்கு மதிப்பெண் போடத் தொடங்கினால் பிள்ளைகள் உண்மை எழுத மாட்டார்கள். ஆறாம் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் எழுதிய ‘ஆர்வமில்லை’ என்ற குறிப்பு பத்தாம் வகுப்பு ஆசிரியரின் கைக்குப் போகவும் கூடாது.