ஒளியும் உரோமமும்



வரலாறு என்றதும் முடிமன்னர்களும் போர்க்களங்களும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்ட வரலாறு அத்துணைப் பெருமிதம் உடையதன்று. உடலில் வேண்டாத இடத்தில் வளரும் உரோமத்தை நீக்க மக்கள் நாடிய வழிகள் யாவை, அவற்றுள் எவை பயன் தந்தன, எவை தீங்கு விளைத்தன என்பதே என் பொருள். இதைக் கேட்டு நகைப்பாரும் உளர். ஆயினும், புதிய ஆற்றல் ஒன்று கைக்கு வரும்போது மனிதர் அதனை எங்ஙனம் ஆள்கின்றனர் என்பதை இச்சிறு வரலாறு தெளிவாகக் காட்டும். ஆதலின் சற்றே செவிசாய்ப்பீராக.

எகிப்து நாட்டுக் கல்லறைகளில் செம்பாலும் வெண்கலத்தாலும் ஆன சவரக் கத்திகள் கிடைத்துள்ளன. ரோமானியர் சிறு சாமணங்களால் உரோமத்தைப் பிடுங்கினர். மேற்காசியாவின் நீராட்டுக் கூடங்களில் அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் நீரில் குழைத்துப் பூசும் வழக்கம் இருந்தது. அரிதாரம் ஆர்செனிக் அடங்கிய பொருள். சற்று நேரம் கூடினால் உரோமத்தோடு தோலும் வெந்துபோகும். இம்முறைகள் எல்லாவற்றிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை மேலே தெரியும் இழையை அகற்றினவே அன்றி, தோலுக்குள் அதனை வளர்க்கும் உறையை அழிக்கவில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்க, கோரையை மேலே அறுத்தவன் கதை இது.

அவ்வேர் உறையை முதன்முதல் குறிவைத்து வென்றவர் ஒரு கண் மருத்துவர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாழ்ந்த சார்லஸ் மிஷெல் என்பார், உள்நோக்கி வளர்ந்து கருவிழியை உறுத்தும் இமை மயிரால் துன்புற்ற நோயாளிகளுக்கு ஒரு வழி கண்டார். நுண்ணிய ஊசியை மயிர்க்காலில் செலுத்தி, அதன் வழியே சிறிதளவு மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். 1875ஆம் ஆண்டில் அம்முறையை வெளியிட்டார். மின்னோட்டம் அங்குள்ள உப்புநீரைச் சிதைத்து காரத்தை உண்டாக்க, அக்காரம் வேரை அழித்தது. இன்றளவும் வழக்கில் உள்ள முறை இது. ஆனால் ஒவ்வொரு மயிராக எடுத்தல் வேண்டும். காலமும் பொறுமையும் மிகுதியாகத் தேவை.

பொறுமை இழந்த உலகத்திற்கு ஒரு குறுக்குவழி விரைவிலேயே தோன்றிற்று. 1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலேயே வியன்னா நகர மருத்துவர் லியோபோல்ட் ஃபிராய்ண்ட், முதுகில் உரோமம் அடர்ந்த மறுவோடு இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். உரோமம் உதிர்ந்தது. ஆனால் அவ்விடத்தில் புண்ணும் உண்டாயிற்று. அதன் வடு அப்பெண்ணின் முதுமை வரையில் நீங்கவில்லை.

அந்த எச்சரிக்கை வணிகர் செவியில் ஏறவில்லை. 1920களில் அமெரிக்காவில் ‘டிரைக்கோ’ என்னும் பெயரால் எக்ஸ் கதிர்க் கருவிகள் அழகு நிலையங்களில் வைக்கப்பட்டன. மருத்துவப் பயிற்சி இல்லாதவர் அவற்றை இயக்கினர். வலி இல்லை, தழும்பு இல்லை என்ற விளம்பரத்தை நம்பிப் பெண்கள் பலர் முகத்தைக் கதிருக்குக் காட்டினர். முதலில் முகம் வழுவழுப்பாயிற்று. ஆண்டுகள் செல்லத் தோல் சுருங்கி நிறம் மாறியது; புண்கள் தோன்றின; பலருக்குப் புற்றுநோயும் வந்தது. மாணவர்களே, இங்கே ஒன்றை ஊன்றி நோக்குங்கள். அந்தச் சிகிச்சை பயனற்றது என்று எவரும் கூற இயலாது. உரோமம் உதிரத்தான் செய்தது. பயன் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிந்தது. தீங்கோ பல்லாண்டுகள் மறைந்திருந்து பின்னர் வெளிப்பட்டது. உடனே தெரியும் பயனை மட்டும் கொண்டு ஒரு முறையை மதிப்பிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி லேசரின் வரலாற்றுக்கு வருவோம். அதன் அடிப்படைக் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1917இல் வகுத்தார். 1960 மே 16ஆம் நாள் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன், செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அவ்வொளி தோலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். கருமையான மயிர்க்கால்கள் அதனால் சிதைவதை 1963ஆம் ஆண்டளவிலேயே கண்டார். எனினும் சுற்றியுள்ள தோலைக் காத்து, மயிர்க்காலை மட்டும் அழிப்பது எங்ஙனம்? விடை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இருவர் அவ்விடையை வெளியிட்டனர். அதை இரண்டு எளிய உவமைகளால் விளக்குவேன். கருங்குடையும் வெள்ளை வேட்டியும் ஒரே வெயிலில் கிடந்தால், குடையே மிகுதியாகச் சூடேறும். அதுபோல, மெலனின் என்னும் கருநிறப் பொருள் மிகுந்த மயிர், லேசர் ஒளியைப் பெரிதும் ஈர்த்துச் சூடாகிறது. இது முதற்படி. அண்டா நிறைந்த பால் ஆற நெடுநேரமாகும். கரண்டிப் பால் நொடியில் ஆறிவிடும். மெல்லிய மேல்தோல் விரைவில் ஆறும். பருமனான மயிர்க்கால் மெதுவாகவே ஆறும். ஆகவே ஒளித்துடிப்பின் கால அளவை ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்குகளாகத் தேர்ந்தால், தோல் தப்பிக்க வேர் மட்டும் வெந்துபோகும். இஃது இரண்டாம் படி.

இக்கோட்பாட்டைக் கொண்டு பாஸ்டன் நகரில் பதின்மூவரிடம் மாணிக்க லேசரைச் சோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். ஒரே முறை ஒளி பாய்ச்சி, ஈராண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுள் நால்வரிடம் உரோமக் குறைவு நிலைத்திருந்தது. இதற்குச் சற்று முன்பு, 1995இல், கரித்தூள் கரைசலைத் தோலில் தேய்த்து லேசர் பாய்ச்சும் கருவி ஒன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. அதனால் உதிர்ந்த உரோமமோ சில மாதங்களில் மீண்டும் வளர்ந்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பின்னர்ச் சில கருவிகளுக்கு ‘நிலையான குறைப்பு’ என்ற சொல்லை வழங்க ஒப்பியது. ‘நிலையான நீக்கம்’ என்று கூற ஒப்பவில்லை. குறைப்பு வேறு, நீக்கம் வேறு. விளம்பரங்களைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை நீங்கள் மறவாதிருத்தல் நன்று.

அங்ஙனமாயின் நற்பயன் பெறுவது எவ்வாறு? முதலாவது, காலம். மயிருக்கு வளர்நிலை, தேய்நிலை, ஓய்வுநிலை என மூன்று பருவங்கள் உண்டு. வளர்நிலையில் உள்ளதையே லேசர் நன்கு தாக்கும். எல்லா மயிரும் ஒரே வேளையில் அந்நிலையில் இருப்பதில்லை. ஆதலின் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு முறையோ அதற்கு மேலோ சிகிச்சை வேண்டியிருக்கும். இரண்டாவது, வேரைக் காத்தல். சிகிச்சைக்கு முன் மழித்துக்கொள்ளலாம். நூலாலோ மெழுகாலோ பிடுங்கலாகாது. பிடுங்கிவிட்டால் ஒளியை ஈர்க்கும் பொருளே அங்கிராது. அதே காரணத்தால் நரைமயிருக்கு லேசர் பயன்படாது.

மூன்றாவது, தோல் நிறம். இது நம்மவர் குறிப்பாக அறிய வேண்டியது. மெலனின் மயிரில் மட்டுமன்று, நம் தோலிலும் மிகுதி. குறுகிய அலைநீளமுடைய மாணிக்க லேசரின் 694 நானோமீட்டர் ஒளி, கருநிறத் தோலைச் சுட்டுவிடக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய நியோடிமியம் யாக் லேசர் ஆழமாகச் செல்லும். மேல்தோலின் நிறம் அதனைக் குறைவாகவே ஈர்க்கும். ஆகவே கருந்தோலுக்கு அதுவே பெரிதும் ஏற்றது. வெயிலில் தோல் கறுத்திருக்கும் நாள்களில் சிகிச்சையைத் தள்ளிவைத்தலும், சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பார்த்தலும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதலும் இன்றியமையாதன. நான்காவது, காரணம் அறிதல். பெண்களின் முகத்தில் தடித்த உரோமம் புதிதாகத் தோன்றினால், அது சினைப்பை நீர்க்கட்டி போன்ற ஹார்மோன் கோளாற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதைக் கண்டு மருத்துவம் செய்யாமல் லேசரை மட்டும் நாடினால் உரோமம் மீண்டும் மீண்டும் முளைக்கும். சிலருக்கு, அரிதாக, சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றி மெல்லிய உரோமம் தடித்து வளர்வதும் உண்டு.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, மேலுதட்டு உரோமத்தைத் தோழர்கள் கேலி செய்தமையால் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். ஒரே அமர்வில் எல்லாம் போய்விடும் என்று சொன்ன ஒரு நிலையத்திற்குப் பெற்றோர் அவளை அழைத்துச் சென்றனர். எந்த லேசர் என்று அவர்கள் கேட்கவில்லை. அங்கிருந்தவர் சொல்லவும் இல்லை. உதட்டின் மேல் கரிய தழும்புகளோடு அவள் திரும்பினாள். பின்னர்த் தோல் மருத்துவர் ஒருவர் முறையாகப் பார்க்க, ஓராண்டில் தழும்பு பெரும்பாலும் மங்கியது. அவளும் படிப்பைத் தொடர்ந்தாள். அவ்வோராண்டில் அவள் இழந்த பாடங்களுக்குக் கேலி செய்தோரும் பொறுப்பு, பொய்யுரைத்தோரும் பொறுப்பு.

ஆகவே, உரோமம் இருப்பது இழிவன்று. அதை நீக்க விரும்புவது குற்றமும் அன்று. விரும்புவோர் மூன்று வினாக்களைத் தயங்காது கேளுங்கள். இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது? என்னைப் போன்ற தோலுடையவரிடம் இதனை எத்தனை ஆண்டுகள் சோதித்துள்ளனர்? இதனை இயக்குபவர் என்ன கற்றவர்? 1920களில் அழகு நிலையத்தின் வாயிலில் நின்ற பெண்களுக்கு இவ்வினாக்களைக் கற்றுத்தர ஒருவரும் இல்லை. உங்களுக்கு அறிவியல் பாடம் இருக்கிறது. கேட்பதற்கு வாயும் இருக்கிறது.